நிறுத்திய மாத்திரையும் நிறுத்தாத மாத்திரையும்

கேள்வி: சோமனூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. கூலிக்கு நெய்யும் 16 விசைத்தறிகள் வைத்திருந்தோம். கட்டுப்படியாகாமல் போன தை மாதம் எட்டுத் தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டோம். அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. எட்டு கிலோ இளைத்துவிட்டார். தறிக் குடோன் பக்கமே போவதில்லை. ஒரம்பரை, சொந்தபந்தம் வந்தால் உள்ளறையில் போய்ப் படுத்துக்கொள்கிறார். நெஞ்சடைக்கிறது என்றதால் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று மாமியார் மருந்து எடுக்கும் இடத்துக்கு இரண்டு தடவை கூட்டிப் போனார். மூன்று மாதம் முன்பு கோவையில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். காலையில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனசெபாம் 0.5 மி.கி. எழுதிக் கொடுத்தார். காலை மாத்திரை குமட்டுகிறது, குணமும் தெரியவில்லை என்று ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டார். இரவு மாத்திரை போட்டால் படுத்ததும் தூக்கம் வருகிறது என்று அதை மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார். வாரம் மூன்று நாள் குவார்ட்டரும் உண்டு. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்று நேற்றுச் சொன்னார். அவருடைய அண்ணன், "ஆம்பளை தைரியமா இருக்கோணும்" என்கிறார். இது நோயா, தைரியக் குறைவா? மாத்திரை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா? பழக்கமாகிவிடாதா? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரிந்தால் என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் அவர் நேற்றுச் சொன்ன அந்த ஒரு வரியைப் பார்த்துவிடலாம்.

இன்று பொழுதோட, பக்கத்தில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா? எப்படின்னு யோசனை போயிருக்குதுங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல வழி கிடைத்தது என்றே பெரும்பாலானவர்கள் உணர்கிறார்கள். எப்போது, எப்படி என்ற அளவுக்கு யோசனை போயிருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை தனியே விடக்கூடாது. "அதெல்லாம் இல்லை" என்றே சொன்னாலும், தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து எல்லாம் இன்றே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அவருடைய அண்ணன் வீட்டில் பூட்டுப் போட்டு வைக்கட்டும். தைரியம் சொல்வதைவிட அது பெரிய உதவி. மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும், அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். சாக வேண்டும் என்ற உந்துதல் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கிறது. நடுராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

இனி மாத்திரைக்கு வருவோம். தொடர வேண்டியது நின்றுவிட்டது, சில வாரங்களில் நிற்க வேண்டியது தொடர்கிறது. மனச்சோர்வு சிகிச்சை பலருக்குப் பாதியில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. குளோனசெபாம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். போட்டவருக்கு உடனே தெரியும். ஆனால் அது மனச்சோர்வு நோய்க்கான மருந்து இல்லை. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை பதற்றத்தையும் தூக்கமின்மையையும் தாங்கிக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு எழுதப்படுவது. எஸ்சிடலோபிராம் நேர்மாறு. அதன் பக்கவிளைவுகள் முதலில் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரத்தில் குமட்டல், லேசான தலைவலி, வயிறு இளகுவது, ஒருவித படபடப்பு. இந்த மருந்து வேலை செய்வது செரட்டோனின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனத்தின் மேல். நம் உடலில் அதன் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது; அதனால் மருந்து தன் வேலையைக் காட்டும் முதல் இடம் வயிறாகிவிடுகிறது. ஏழு முதல் பதினான்கு நாளில் குடல் பழகிக்கொள்ளும். மனநிலையில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். உங்கள் வீட்டுக்காரர் ஒன்பதாம் நாள் நிறுத்தினார் என்றால் கஷ்டத்தை மட்டும் பட்டுவிட்டு, பலன் வரும் முன்பே எழுந்து வந்துவிட்டார். "அந்த மாத்திரை கேட்கவில்லை" என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அடுத்த முறை குமட்டாமலிருக்க வழி உண்டு. 10 மி.கி.யில் தொடங்காமல், 5 மி.கி. ஒரு வாரம் கொடுத்துப் பிறகு 10க்குப் போகச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடட்டும். நான்கு வாரத்தில் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். எஸ்சிடலோபிராமின் உச்ச அளவு நாளொன்றுக்கு 20 மி.கி. அதிலும் நோய் கேட்காவிட்டால் மருந்தை மாற்றுவார். முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமாகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு இரண்டாவது மருந்தோ, இன்னொன்றைச் சேர்ப்பதோ தேவைப்படும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப்பேர் ஊரூராக டாக்டர் மாற்றிக்கொண்டு அலைய மாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் தூக்கமும் பசியும் எடையும் சேர்ந்து போயிருப்பதால், இரவில் கொடுக்கும் மிர்டாசபைன் பொருந்துமா என்றும் கேட்டுப் பாருங்கள். அது தூக்கத்தையும் பசியையும் கூட்டும், குமட்டலும் குறைவு.

இரவு மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே அதைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். மூன்று மாதம் தினம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். காலை மாத்திரை நிலைக்கு வந்தபின், மருத்துவர் சொற்படி 0.5ஐ 0.25 ஆக்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து அதிலும் பாதியாக்கி, படிப்படியாக இறக்க வேண்டும். அதோடு மதுவைச் சேர்ப்பது ஆபத்து. இரண்டும் மூச்சை மந்தமாக்குபவை. குவார்ட்டர் தூக்கத்துக்கு என்று அவர் சொல்லலாம். 180 மி.லி.யில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது படுத்ததும் அசத்தும். பின்னிரவில் உடலை விட்டு இறங்கும்போது தூக்கத்தை உடைக்கும். மூன்று மணி முழிப்பில் அந்த மூன்று நாட்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மதுவே மனச்சோர்வை உண்டாக்கவும் வல்லது.

பழக்கமாகிவிடுமா என்று கேட்டீர்கள். பழக்கமாவது குளோனசெபாம் வகை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்சிடின் போன்றவற்றுக்கு ஏக்கம் வராது. அளவைக் கூட்டிக் கூட்டிக் கேட்கவும் தோன்றாது. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டதுபோல் தலைக்குள் வெட்டு, தூக்கத்தில் கெட்ட கனவு எல்லாம் வரும். ஆகவே இதையும் வாரங்களில், சிலருக்கு மாதங்களில், இறக்கித்தான் நிறுத்த வேண்டும். ஆயுளுக்கும் வேண்டியதில்லை. முதல் தடவை வந்தவருக்கு, முழுக்கத் தெளிந்த நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும். "நல்லாயிட்டேன், எதுக்கு இன்னும்" என்று மூன்றாம் மாதம் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்புகிறது. ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் இன்னொரு தடவை வரக்கூடும். இரண்டு மூன்று தடவை வந்துவிட்டால்தான் இரண்டு வருஷம், அதற்கு மேல் என்று பேச்சு.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் நிறுத்திவிடும் இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாத்திரைகள் தாம்பத்திய ஆசையைக் குறைக்கலாம், விந்து வெளியாவதைத் தாமதப்படுத்தலாம். அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் சொன்னால்தானே தெரியும்? இடுப்புவலிக்கு மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைகளும் கவனிக்க வேண்டியவை. டைக்ளோஃபினாக் வகையை இதோடு அடிக்கடி போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிரமடால் சேரவே கூடாது.

நோயா, தைரியக் குறைவா? நோய்தான். கடிதத்தில் நீங்கள் எழுதிய அடையாளங்கள் மருத்துவப் புத்தகத்தில் உள்ளவை: பிடித்த வேலையில் ஈடுபாடு போவது, விடியும் முன் முழிப்பு, எடை இறங்குவது, தன்னால் பயனில்லை என்ற நினைப்பு, சாவைப் பற்றிய பேச்சு. மனம் வாடியிருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாதது, இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருந்து, மொத்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்து, வேலையைக் கெடுத்தால் அது மனச்சோர்வு நோய். நம் பக்கத்து ஆண்கள் "வெசனமா இருக்குது" என்று சொல்லி டாக்டரிடம் போவதில்லை. நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், தலைபாரம், கைகால் ஓய்ச்சல் என்றுதான் போகிறார்கள். அந்த வலி பொய்யில்லை. பரிசோதனை எதிலும் தெரியாததால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். "ஒன்றுமில்லை என்றால் நடிக்கிறானா" என்று வீட்டில் ஆரம்பமாகிறது.

சாதாரணக் கவலையிலிருந்து இதை வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். கடன் கவலையில் இருப்பவர், நல்ல ரேட்டுக்கு ஆர்டர் வந்தது என்று கேட்டால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார். நோய் பிடித்தவருக்கு அந்தச் செய்தியும் ஏறாது. பலர் காலையில் மோசமாகவும், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தெளிவாகவும் இருப்பார்கள். அந்தச் சாயங்காலத் தெளிவைப் பார்த்துவிட்டு "காலையில வேலைன்னா மட்டும் முடியலயா" என்று கேட்பது வழக்கம். உடலின் நாள் கடிகாரமே நோயில் பிசகியிருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் பலருக்குக் கார்டிசால் சுரப்பு கூடியிருப்பதும், கனவுத் தூக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தொடங்கிவிடுவதும் அளந்து பார்க்கப்பட்டவை.

தறி போன துக்கம்தானே காரணம், அப்புறம் எப்படி நோய் என்று அண்ணன் கேட்கக்கூடும். துக்கம் தூண்டிவிட்டது, உண்மை. பரம்பரைக்கும் பங்குண்டு. தூண்டியது தெரிந்துவிட்டதால் நோய் இல்லாமல் போகாது. எட்டுத் தறியைத் திரும்ப வாங்கி மாட்டினாலும் இந்த நிலையில் அவரால் ஓட்ட முடியாது.

சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் என்று மேடைகளில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சர்க்கரையை ரத்தத்தில் அளக்கலாம். மனச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. "செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்பதும் மருத்துவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய எளிமைதான். மாத்திரை சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனினைக் கூட்டிவிடும். ஆனால் நரம்பணுக்கள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டு, புது இணைப்புகள் உண்டாக வாரங்கள் பிடிக்கின்றன. குணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான் என்று கருதுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனை செய்வது வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. டிஎஸ்எச் (தைராய்டுக்கான பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12, சோடியம், கல்லீரல், சிறுநீரகம் போதும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே அசதிதான் வரும். ஈசிஜி எடுத்திருக்கிறீர்கள், அதை எடுத்துப்போய்க் காட்டுங்கள். எஸ்சிடலோபிராம் அளவு கூடும்போது அது உதவும். எக்கோவையும் எண்டோஸ்கோபியையும் இனி திருப்பி எடுக்க வேண்டாம்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று: முன்பு எப்போதாவது ஒரு வாரம் போல இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே சோர்வில்லாமல், பேச்சு மேல் பேச்சாக, கையில் இல்லாத பணத்துக்கு ஒரேயடியாகத் தறி வாங்கிப் போட்டது போல நடந்துகொண்டாரா? அப்படியென்றால் அது, சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் மறுபக்கமாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடலாம், மருந்தே வேறு. அதுபோல, தான் பெரிய பாவி, போலீஸ் வரப்போகிறது, குடல் அழுகிவிட்டது என்று நடக்காததை உறுதியாக நம்பினாலோ, சாப்பாடு தண்ணீரே நின்றாலோ, வீட்டிலிருந்தபடி பார்க்கும் வைத்தியம் போதாது, உள்ளே சேர்க்க வேண்டும். அந்த நிலையில் மின் அதிர்வு சிகிச்சை சொன்னால் சினிமாவில் பார்த்ததை வைத்து மறுக்காதீர்கள். இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய முடியும்; அவை இல்லாமல் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பொதுவாக 6 முதல் 12 தடவை. சில நாட்களின் நினைவு மங்கலாகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும்.

மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை வீட்டில் என்ன செய்வது? "வெளியில் போய்ட்டு வாங்க, மனசு மாறும்" என்பது பொத்தாம் பொதுவான பேச்சு. மனசு மாறிய பின் வேலைக்குப் போவதற்குக் காத்திருந்தால் நடக்காது. சின்ன வேலை முதலில், மனசு பின்னால் வரும். காலை ஏழு மணிக்கு, தூங்கினாலும் தூங்காவிட்டாலும், கட்டிலை விட்டு எழுப்பி வெளித் திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார வைத்துக் காபி கொடுங்கள். முதல் வாரம் குடோன் கதவைத் திறந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டு வந்தால் போதும், தறி ஓட்ட வேண்டாம். இரண்டாம் வாரம் ஒரே ஒரு தறிக்கு எண்ணெய் விடட்டும். மூன்றாம் வாரம் அறுந்த பாவு இழைகளை முடிச்சுப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டட்டும். ஒரு தாளில் எத்தனை நிமிஷம், செய்தபின் மனசு பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். தாங்கவில்லை என்றால் பாதியாகக் குறையுங்கள், ஒரேயடியாக விட வேண்டாம். பகலில் படுக்கை வேண்டாம். இதையே முறைப்படி சொல்லித்தரும் மனநல ஆலோசகர் கிடைத்தால் 8 முதல் 16 அமர்வுகள் போங்கள். மிதமான நோயில் அது மாத்திரைக்கு ஈடாகவே வேலை செய்கிறது. உங்கள் வீட்டுக்காரர் நிலைக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

மிச்சத் தறியை விற்பது, தோட்டத்தை அடமானம் வைப்பது, பங்காளிகளோடு பாகம் பிரிப்பது எதையும் இந்த ஆறு மாதத்தில் அவர் கையெழுத்தில் முடிக்காதீர்கள். நோய் எல்லாக் கணக்கையும் நஷ்டமாகவே காட்டும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போகட்டும், பூக்கேட்கட்டும், திருநீறு பூசட்டும்; அதனால் சிகிச்சைக்குக் குறுக்கே எதுவும் வராது. யாரோ வைத்த மருந்தை எடுக்கிறோம் என்று கூட்டிப் போவதை மட்டும் நிறுத்துங்கள். எட்டு கிலோ இளைத்த உடம்பில் வாந்தி எடுக்க வைத்தால் சோடியமும் பொட்டாசியமும் இறங்கும், அன்று போட்ட மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

மகளைப் பற்றி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று சொல்வார்கள். ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. சிகிச்சை விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, மருத்துவமனையிலிருந்து பேச்சு வெளியே போகக்கூடாது. ஊருக்குத் தெரிவது சிகிச்சையால் இல்லை. அப்பா ஆறு மாதமாக யார் கண்ணிலும் படாமல் இருப்பதைப் பார்த்துத்தான் ஊர் பேசும்.

பழைய மருத்துவரிடமே திரும்பப் போகலாம், "நிறுத்திவிட்டோம்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது அவருக்கு தினப்படி கேட்கும் செய்தி. செலவு இடித்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது உங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை இலவசம். பழைய சீட்டு, இரண்டு மாத்திரைகளின் அட்டைகள், ஈசிஜி, ரத்த ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். இரவு மாத்திரை இதுவரை எத்தனை வாங்கினார், குவார்ட்டர் எத்தனை நாள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்; அந்தக் கணக்கை வைத்துத்தான் இறக்கும் வேகத்தை அவர் முடிவு செய்வார். அடுத்த பார்வை இரண்டு வாரத்துக்குள் வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். சோர்வு விலகி, கைகால் எழும்பத் தொடங்கும் அந்த முதல் வாரங்களில் மனம் இன்னும் தெளிந்திருக்காது. பூட்டி வைத்ததை எல்லாம் மனம் தெளியும் வரை அண்ணன் வீட்டிலேயே விட்டுவையுங்கள்.